ஐஸ் அரங்கத்துக்கு நான் வைத்த மொய்

அப்புனு, இந்தப் பயணம் நீ போயிருக்க வேண்டியது. மிஷின், பைப், வால்வு என்று பேசத் தெரிந்தவன் நீ. ஐந்தாவதோடு நின்றவள் நான். மைக்கைப் பார்த்தாலே ஓரமாக ஒதுங்கிவிடுகிறவள்.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அப்புனு என் தம்பி பழனிச்சாமி. சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் ஓட்டினான். ஒரு நாள் அமோனியா கேஸ் பீறிட்டு, இருந்த ஒரே கதவுக்கு வருவதற்குள் விழுந்துவிட்டான், பிழைக்கவில்லை. வால்வை மூடாமல் விட்டது அவன்தான் என்று ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்தார்கள். நான் சொல்லப்போகும் பயணம் அதற்கு இரண்டு வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. நான் நோட்டில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் இதை வலைப்பதிவில் ஏற்றித் தருகிறார். ஊருக்குப் பொதுவாக ஏதாவது கட்டுகிறோம் என்று கூட்டம் கூட்டினால், வெளியூரிலிருந்து போய்க் கேள்வி கேட்க நினைப்பவர்களுக்கு உதவும்.

என்னைப் போக வைத்தது ஒரு தபால் கார்டு. தம்பியோடு வேலை செய்த ரஃபீக் பாய் எழுதியிருந்தார். கோயமுத்தூரில் எல்லாப் பிள்ளைகளும் சறுக்கி விளையாட ஒரு ஐஸ் அரங்கம் கட்டப்போகிறார்களாம், கமிட்டி போட்டாயிற்றாம், மூடின ஃபேக்டரியின் பழைய மிஷினை முதலாளி இனாமாகக் கொடுக்கிறாராம். "நம்ம பழனி மிஷின்தான் அக்கா" என்று முடித்திருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஐந்து நாற்பதுக்குத் தாராபுரத்தில் பஸ். டிக்கெட் பதிமூன்றரை ரூபாய். பல்லடம் வழியாகச் சிங்காநல்லூருக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டே கால் மணி நேரம். இடது பக்க ஜன்னல் வேண்டாம், பனிக்காற்று முகத்தில் அறையும். சூலூர் தாண்டியதும் திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க அம்மணி, சிங்காநல்லூரு இன்னும் வரலீங்க. உக்காருங்க, நானே எறக்கி உடறேன்" என்றார் கண்டக்டர். உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டாப்பில் ரஃபீக் பாய் சைக்கிளோடு நின்றார். மிஷின் இருந்த ஷெட்டுக்குப் பத்து நிமிட நடை. கதவைத் திறந்ததுமே மூக்கை அறுக்கிற அந்த வாடை. ஆஸ்பத்திரியில் உன் சட்டையைக் கொடுத்தபோது வந்த அதே வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். மிஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தார்கள். வால்வின் கழுத்தில் கேஸ் கசியாமல் இருக்கச் சுற்றியிருந்த பேக்கிங் கயிற்றின் மேலும் பெயிண்ட். கயிறு மாறவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது.

"இதைப் பத்தித்தான் சாகறதுக்கு மூணு வாரம் முன்னாடி எங்கிட்டச் சொன்னான். கழுத்துல கசியுது, கயித்தைச் சுத்திச் சுத்தி ஓட்டறேன்னு" என்றேன்.

"எனக்குந் தெரியுமுங்கக்கா. ஆனா இதை மாட்டற வேலை எனக்குத்தான் தந்திருக்காங்க. மூணு புள்ளைங்க. நா வாயத் தொறந்தா நாளைக்கு ஷெட்டுச் சாவி எங்கையில இருக்காது."

அவரை நான் குறை சொல்லவில்லை. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார்.

அங்கிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ் இரண்டு ரூபாய். இறங்கி மண்டபத்துக்கு ஆட்டோ, பேரம் பேசிப் பன்னிரண்டு. எதற்குப் போகிறேன் என்று டிரைவர் கேட்டார், சொன்னேன்.

"ஐஸ் மேல வழுக்கி உழறதுக்கு ஒரு கட்டடமுங்களா? மழ பேஞ்சா எங்க சந்துல சும்மாவே உழலாமுங்க, டிக்கெட்டே இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், ஒரு ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்.

கூட்டம் பதினொரு மணிக்கு. முன்வரிசையில் சக்கரச் செருப்பு மாட்டிப் பழகும் பிள்ளைகள், பின்னால் அம்மாக்கள். மேடையில் பெரிய வரைபடம். மணலுக்கு அடியில் பைப், அதற்கு மேல் தண்ணீர், அது உறைந்து தரை. குளிர் வெளியே போகாமல் இருக்க வாசல் ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை வாசலை மறுபடி மறுபடி எண்ணினேன். செலவில் பாதி மிஷினுக்குத்தான், அது முதலாளியின் மொய்யாக வந்துவிட்டது, கூரைக்கும் தரைக்கும் ஊர் மொய் வைத்தால் போதும் என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

மிஷினைப் பரிசோதித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மொய்யாக வந்ததை ஆராய்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் வைத்தவருக்கு அவமானம். நான் கை தூக்கினேன். "கேள்வியெல்லாம் கடைசில அம்மணி, மொதல்ல மொய்யி" என்று ஒருவர் உட்காரச் சொன்னார். மொய் முடிந்தால் சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் யார் இருப்பார்கள்?

மொய் வரிசையில் போய் நின்றேன். ஒரு பெரியவர் துண்டுச் சீட்டில் எழுத, இன்னொருவர் அதை மைக்கில் வாசித்தார். என் முறை வந்தது. ஐம்பத்தொரு ரூபாயை வைத்துவிட்டுச் சொன்னேன்: "தாராபுரம் ராமாத்தாளுங்க. தம்பி பழனிச்சாமி நெனவா. இந்த மிஷின்ல செத்தவன்னு எழுதுங்க."

பெரியவர் பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நெசமுங்களா?"

"நெசமுங்க."

"மொய் வெக்கறவங்க சொன்ன பேச்ச மாத்தி எழுதற பழக்கம் எனக்கில்லீங்க" என்று எழுதிவிட்டார்.

மைக்கில் இருந்தவர் அதே ராகத்தில் வாசித்தார். "தாராபுரம் ராமாத்தாள், தம்பி பழனிச்சாமி நினைவாக, இந்த மிஷினில் செத்தவன், அம்பத்தொரு ரூபா." அடுத்த பெயரைப் பாதி சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த சீட்டை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

மேடையில் உட்கார்ந்திருந்த ஃபேக்டரி முதலாளி எழுந்தார். "மொய் வெக்க வந்தியா, பழி போட வந்தியாம்மா? உன்ற தம்பி வால்வ மூடாமப் போனதுக்கு மிஷின் என்ன பண்ணும்?"

தூணைப் பிடித்துக்கொண்டேன். "கழுத்துல கசியற கயிறு இன்னும் மாத்தலீங்க. பெயிண்டைச் சொரண்டிப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பின்னாலிருந்த ஓர் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "ஏனுங்க, எங்க புள்ளைங்க ஓடி வரதுக்கும் ஒரே கதவுதானுங்களா?" என்றார். அப்புறம் பத்துப் பேர் எழுந்தார்கள்.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். "மிஷினும் இல்ல, ஒண்ணும் இல்ல, போங்க."

"வெச்ச மொய்யத் திருப்பி எடுக்கறவர இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார் மொய் எழுதிய பெரியவர். ஓரிருவர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி சக்கரச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்றுவரை பயப்படுகிறேன்.

சாப்பிடாமல் இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். யாராவது பின்னால் வருகிறார்களா என்று பல்லடம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அரங்கம் கட்டவே இல்லை. மிஷின் வேறு எங்கோ விலைக்குப் போனதாக அடுத்த கார்டில் பாய் எழுதினார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. இப்போதும் எந்த ஊரில் ஐஸ் ஃபேக்டரி போர்டைப் பார்த்தாலும் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

இப்படிக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: போக வர நாற்பத்தைந்து ரூபாய் எனக்கு ஆயிற்று, மொய் தனி. நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள், முதலில் பொருளைப் பாருங்கள். வரைபடத்தில் அழகைப் பார்க்காமல் வாசலை எண்ணுங்கள். பேச விடமாட்டார்கள் என்றால் எழுதுகிறவரிடம் போங்கள். பயமாகத்தான் இருக்கும். பயத்தோடேயே போங்கள்.

அப்புனு, உன்மேல் தப்பில்லை என்று நம்பித்தான் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். முதலாளி கேட்ட கேள்வி மட்டும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது. நீ சொல்லு சாமி, அன்னைக்கு அந்த வால்வை நீ மூடினாய்தானே?