பனிக்கட்டியில் வளர்த்த பூ

சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸில் நாற்காலி பழுதுபார்க்கும் கடையொன்றின் வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். நனைந்த மரத்தூளின் மணம் மூக்கில் ஏறிற்று. அருகில் நின்றவர்கள் மழையைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். நானோ நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு துரையைச் சபித்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. சபிப்பதற்கு அது ஒரு தடையன்று.

மரத்தூளுக்கும் துரைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள், நண்பரே. அக்காலத்தில் பனிக்கட்டிப் பாளங்களை மரத்தூளில் புதைத்து, சாக்குச் சுற்றி, மாட்டுவண்டியில் கொண்டுவருவார்கள். எங்கள் இலாகாவின் பொறியாளர் துரையின் பங்களாவுக்கு நாள்தோறும் ஒரு பாளம் வந்தது. அவர் குடிப்பதற்கன்று, ஒரு செடிக்கு.

விடுப்பில் சீமைக்குப் போன துரை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதைக் கொணர்ந்தார். அவருடைய நாட்டின் வடகோடியில், ஊசியிலை மரங்கள் அடர்ந்த குளிர்க்காட்டில், பாசிக்கு நடுவே முளைக்கும் காட்டு ஆர்க்கிட். விரல் நீளம், வலை பின்னியதுபோல் நரம்போடிய நாலைந்து இலைகள், அரிசிமணி அளவில் வெள்ளைப் பூக்கள். நம் பெண்கள் எவரும் அதைப் பூவென்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் விருந்துக்கு வந்த வெள்ளையர்கள் அதன்முன் சந்நிதியில் நிற்பதுபோல் நின்றார்கள். இந்த நாட்டு மண்ணில் இத்தனை நளினமான ஒன்று விளையவே விளையாது என்பது துரை ஒவ்வொரு விருந்திலும் திருவாய் மலரும் வாக்கியம்.

ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து நம் ஆட்களைக் கூட்டங்கூட்டமாகத் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டக்காரர் வேலாயுதத்திடம் துரை தெளிவாகச் சொல்லிவிட்டார்: செடி உயிரோடிருக்கும் வரை வேலை, செத்தால் நாகப்பட்டினம். வேலாயுதத்துக்கு அங்கே ஒருவருமில்லை. மனைவியும், இங்கே பிரிக்பீல்ட்ஸ் லயத்தில், கூலியாட்களின் வரிசைவீட்டில், பிறந்த இரண்டு பெண்களுமே அவருடைய உலகம்.

எனக்கோ அச்செடியால் மதிப்பு உயர்ந்தது. நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா; பொட்டலம் கட்டிவந்த பழைய நாளிதழ்களை எழுத்துக்கூட்டி ஆங்கிலம் கற்றவன். பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்து வேளைக்கு வேளை நோட்டில் பதிவது என் பொறுப்பு. ஒரு பூண்டுக்குச் சுரம் பார்த்த அரசாங்க ஊழியன் மலாயாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிலும் எத்தனை கர்வம்! பேனா வெளியே தெரியும்படி பையில் செருகிக்கொண்டுதான் பெட்டியை அணுகுவேன்.

அந்தக் கர்வமே வினையாயிற்று. துரை பினாங்குக்குப் போயிருந்த ஒரு நாள், செடியின் அடிமண்ணில் வெள்ளை நூல்போல் பூஞ்சணம் படர்ந்திருக்கக் கண்டேன்.

"வேலாயுதண்ணே, பூஞ்சணம் பிடிச்சிருக்கு. மஞ்சத் தண்ணி ஊத்துங்க."

"மண்ணத் தொடாதேன்னு தொர சொல்லியிருக்காரே, கிராணி ஐயா?"

"படிச்சவன் சொல்றேன், ஊத்துங்க."

அம்மைக்கு மஞ்சள், புண்ணுக்கு மஞ்சள், புதுவீட்டு நிலைக்கு மஞ்சள் என்று வளர்ந்த எனக்கு வேறென்ன தோன்றும்? அந்தப் பூஞ்சணந்தான் அச்செடிக்கு ஊட்டி வளர்ப்பது என்று பல்லாண்டு கழித்து ஒரு நூலில் படித்தேன். செடி நான்காம் நாள் கறுத்துச் சுருண்டது.

வேலாயுதம் என்னைத் திட்டவில்லை. செத்த செடியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நான் பாத்திருக்கேங்க. ரவாங் பக்கம், ஓடைக்கரைக் காட்டுல, மக்குன எலைக்குள்ள கெடக்கும்."

"இது சீமைப் பூ அண்ணே!"

"பூவுக்கு என்னங்க தெரியும், சீமையா ரவாங்கான்னு?"

ஞாயிறன்று ரயிலேறிப் போனோம். அட்டைகள் என் காலுறைக்குள் விருந்துண்டன. அவர் சொன்னபடியே இருந்தது: அதே வலைநரம்பு, அதே வெள்ளை மணிகள், இலையில் மட்டும் சற்றே கருமை கூடுதல். கொண்டுவந்து பெட்டியில் நட்டோம்.

துரை வந்தார், குனிந்தார், நெடுநேரம் பார்த்தார். வேலாயுதத்தின் கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டதை நான் கண்டேன். "நன்றாகத் தேறியிருக்கிறது" என்றார் அந்த மேதை. அடுத்த விருந்தில் மீண்டும் அதே வாக்கியம். ரவாங் ஓடைக்கரைப் பூண்டைப் பார்த்து, சொந்த ஊர் நினைவு வந்து, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்க நான் வெப்பமானியை உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று.

குளிர் இந்தச் செடிக்கு ஆகாது. எனவே பனிக்கட்டி பின்வாசல் வழியே லயத்துக்குப் போயிற்று. இரண்டு மாதங்கள் லயத்துப் பிள்ளைகள் ரோஜா சர்பத் குடித்து நாக்கைச் சிவக்க நீட்டிக்காட்டித் திரிந்தார்கள். பெட்டியில் இல்லாத சீமைக்குளிரை நான் என் மிக அழகிய கையெழுத்தில் நோட்டில் பதிந்துவந்தேன்.

செடி செழித்தது. நோட்டும் செழித்தது. ஒரு காலை துரை அந்த நோட்டைப் புரட்டி மெச்சினார். இத்தனை ஒழுங்கான கிராணி இருக்கையில் இந்தச் செடிக்கு ஒரு தோட்டக்காரன் வேறு எதற்கு என்று கேட்டார். வேலாயுதத்தின் பெயர் கப்பல் பட்டியலில் ஏறிற்று.

உண்மையை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் வீதிக்கு வருவேன். பேனா பையில் இருந்தது, வாய்தான் இல்லை.

கிள்ளானுக்கு அப்பால் துறைமுகம் வரை போய் வழியனுப்பினேன். மூத்த பெண் கப்பலை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கப்பா போறோம்?"

"நம்ம ஊருக்கும்மா."

"நம்ம ஊரு பிரிக்பீல்ட்ஸ்தானே?"

வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். "ஐஸ மட்டும் வச்சிராதீங்க கிராணி ஐயா. தாங்காது."

மறுவாரம் துரை, செடிமேல் கொண்ட அன்பு பொங்க, தம் கையாலேயே பெட்டியில் பனிக்கட்டியை அடுக்கினார். நான் பக்கத்தில் நின்று வெப்பநிலையைப் பதிந்தேன். அந்த நோட்டில் வெகுநாளைக்குப் பின் எழுதிய முதல் உண்மை அதுதான். செடி அழுகிற்று. இந்த நாட்டு வெக்கை கொன்றுவிட்டது என்றார் துரை.

இன்று அந்தப் பங்களா இல்லை. லயம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ரவாங் ஓடை முதலில் ஈயம் தோண்டிய குட்டையாயிற்று, பிறகு வீடுகளாயிற்று. அப்பூவைத் தேடி இருமுறை போனேன், காடே இல்லை. பனிக்கட்டி இப்போது என் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே விளைகிறது; மரத்தூள் மணம் அதற்கில்லை.

வேலாயுதத்திடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. எனக்கு எழுதத் தெரியும்.