பராக்கு என்று எழுதிய கேள்வி

மருமகன் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது தன் பழைய டச் போனை எனக்குத் தந்துவிட்டுப் போனார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், போனில் எழுத வராது. அதனால் குரலில்தான் அனுப்புவேன்.

அனுப்புவது கரடியனாற்றில் இருக்கும் தங்கச்சிக்கு. அவளுக்கு முழங்கால் ஏலாது. பழுகாமத்திலிருந்து அங்கே போக பஸ் மாறி ஏற வேண்டும், எனக்கும் இப்போது அது முடியாது. விடிந்ததும், "அக்கோய், எழும்பிட்டியா?" என்று அவள் குரல் வரும். பின்னால் அவளுடைய கோழிகள் கத்தும். நான் அடுப்படியில் இருந்தபடி மறுமொழி சொல்வேன். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதை வராது. போனுக்கு மட்டும் வரும்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பிள்ளை கம்பஸில் கடைசி வருஷம் படிக்கிறாள். போன் ஆட்களை என்ன செய்கிறது என்று அறிய இங்கிலீஷில் இருந்த கேள்விகளை எங்கள் தமிழுக்கு மாற்றி, அவை சரிவருகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். மகள் நிலத்தில் இருந்துகொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் இருந்தேன்.

"பிழை சரி எண்டு ஒண்டும் இல்ல பெரியம்மா. உள்ளதச் சொல்லுங்க. ஒருநாளும் இல்ல, இடைக்கிடை, எந்நேரமும். இந்த மூண்டில ஒண்டு."

சில கேள்விகளுக்கு இல்லை என்றேன். பிறகு, "போன் எனக்குப் பராக்காக இருக்கிறது" என்று வாசித்தாள்.

அழுகிற குழந்தைக்குக் குருவியைக் காட்டி, நிலாவைக் காட்டிப் பராக்குக் காட்டுவோம். அழுகை நின்றுவிடும். அப்படித்தானே தங்கச்சியின் குரலும் எனக்கு என்று நினைத்தேன். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"எந்நேரமும்" என்றேன்.

"பராக்கினால் நேரம் போவது தெரிவதில்லை."

"அதுவும் எந்நேரமும் புள்ள."

மகள் இறாலை விட்டுவிட்டுச் சிரித்தாள். "பாத்தியா? நான் சொன்னா இவ கேக்கிறல்ல. கிழடுக்கும் போன் விசர். பாவிக்கிறது கூடத்தானே புள்ள?"

"இதுக்கெல்லாம் கூடத்தான் சொல்றா" என்று அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டது.

போகும்போது, கொஞ்ச நாளில் இதே கேள்விகளோடு திரும்பவும் வருவதாகச் சொன்னாள். இரண்டு தரமும் மறுமொழி கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரவேண்டுமாம். வந்தால்தான் கேள்வியை நம்பலாமாம்.

மறுநாள் காலையில் போன் மகளின் அலுமாரிக்குள் போய்விட்டது. "கண்ணில வெள்ளை எடுத்து ஒப்பரேஷன் செஞ்சு ஒரு வருஷம் ஆகல்ல. அந்தப் புள்ள படிச்ச புள்ள, அதுவே கூட எண்டு சொல்லுது. சித்திக்கு நான் சொல்றன்" என்றாள். அவளுக்கு என் கண் மேல் பயம். ஆனால் சித்திக்குச் சொல்ல மறந்துபோனாள்.

விடிந்ததும் அலுமாரிக்குள் டிங் என்று கேட்கும். நான் போய்க் கதவருகில் நிற்பேன். அப்படி நின்ற ஒருநாள் மீன்கறி அடிப்பிடித்துவிட்டது. மகள் ஏசினாள். நான் சட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு சார்ஜ் இறங்கிவிட்டது போல, டிங் சத்தமும் நின்றது.

அந்தப் பிள்ளை சொன்னபடி வந்தாள். அதே பாய், அதே கேள்வி.

"ஒருநாளும் இல்ல" என்றேன்.

அவள் பழைய தாளைப் பார்த்தாள். "பெரியம்மா, அண்டைக்கு எந்நேரமும் எண்டீங்களே?"

"அண்டைக்கு இருந்திச்சி."

"இப்ப போன் பாக்கிறல்லையா?"

நான் மகளைப் பார்த்தேன். "நான்தான் எடுத்து வச்சன். நீதானே கூட எண்டு சொன்னாய்?" என்றாள் மகள்.

"ஐயோ அக்கா, அது சும்மா சொன்னது!" பிள்ளை கொஞ்சநேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பெரியம்மா, பராக்கு எண்டா நீங்க என்னத்த நினைச்சீங்க?"

நான் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தங்கச்சி கதைக்கிறத."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். புத்தகத்தில் கவனச்சிதறல் என்று இருந்ததாம். அது யாருக்கும் விளங்காது என்று இவள்தான் பராக்கு என்று மாற்றி எழுதினாளாம். வேலையை விட்டுவிட்டு வாய் பார்க்கிறவனை, என்ன பராக்குப் பார்க்கிறாய் என்று ஏசுவோமே, அந்தப் பராக்கை நினைத்து.

"வீட்டுக்கு வீடு வயசான ஆக்கள் எல்லாரும் எந்நேரமும், எந்நேரமும் எண்டாங்க அக்கா. ஊரே போனுக்கு அடிமை எண்டு எழுத இருந்தன். படிப்பிக்கிற சேர் என்னக் கொல்லப்போறார். எல்லாரிட்டயும் திருப்பிக் கேக்கணும்."

"பராக்கு நல்லதோ கூடாததோ, எனக்குத் தெரியா. வேலை கெடாம இருந்தாச் சரி" என்றாள் மகள். போனைத் தருவதாகச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பிள்ளை கேள்வியை மாற்றிக்கொண்டு வந்தாள். "போன் வந்த நாளில இருந்து நினைச்சுச் சொல்லுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். "போனைப் பார்த்துக்கொண்டிருந்து, கையில் இருக்கும் வேலை கெட்டுப்போகிறது." மகள் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். இந்த மறுமொழிக்குத்தான் அவள் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒருநாளும் இல்ல."

"பொய்! அண்டைக்கு மீன்கறி அடிப்பிடிச்சது?"

"அண்டைக்குப் போன் உன்ட அலுமாரிக்குள்ள கிடந்தது."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. பிள்ளை தாளுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதை வருகுது பாரன் இவவுக்கு!" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போனைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டு ஓன் பண்ணினாள்.

பிள்ளை இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள். அதற்குள் டிங், டிங் என்று விடாமல் வரத் தொடங்கியது. தங்கச்சி ஒருநாள்கூட விடவில்லை. நான் கடைசியாக வந்ததை அமத்தினேன்.

"என்னகா, உயிரோட இரிக்கியா இல்லையா? கோழி எல்லாம் உன்னக் கேக்குது."

"அடுத்த கேள்விக்குப் போவமா பெரியம்மா?"

"கொஞ்சம் பொறு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு தாளில் எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.