ஏழு நாளில் அடங்காத கிணற்றுப் பங்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கூலி வேலை செய்த கையாலேயே உத்திரமேரூருக்கு மேற்கே, ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் அரை ஏக்கர் வாங்கினேன். அதோடு, மாடு கட்டி இறைக்கிற கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் வந்தது. பாதிப் பங்கு, நான் மாமா என்று கூப்பிடுகிற பெரியவருக்கு. மூன்றில் ஒரு பங்கு பக்கத்து நிலத்துக்காரருக்கு.

கிழமைப் பேர் இருந்தால் மறக்காது என்று வாரக்கணக்கில் முறை வைத்திருந்தார்கள். திங்கள் முதல் வியாழன் வரை மாமா, வெள்ளியும் சனியும் பக்கத்துக்காரர், ஞாயிறு நான். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. கோடையில் விதைத்த என் முதல் சொர்ணவாரி நெல் பால் பிடிக்கிற சமயம், ஞாயிறு பாய்ச்சினால் சனிக்கிழமைக்குள் வயல் வெடித்துவிடும். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் அத்தனையும் பதர்தான்.

அந்த ஞாயிறு இரண்டு பேரையும் கிணற்றடிக்கு அழைத்து, நாளுக்கு ஒன்றாக ஏழு கல்லை வைத்தேன்.

"இதுல பாதி எவ்ளோ மாமா?"

"மூணரை."

"நீ நாலு எடுத்துக்கினு கீறியே?"

"அரை நாளைக்கு எவன்டா மாடு மாத்திக் கட்டுவான்? உனக்குத்தான் ஒரு நாளு வருதே, அப்புறம் இன்னா?"

"ஆறு வாரத்துல எனக்கு ஏழு நாளு வரணும், ஆறுதான் வருது, ஒரு நாளு போவுது. இவருக்கு ரெண்டு நாளு போவுது. மூணும் உன் கயினிக்குத்தான் பாயுது."

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த பக்கத்துக்காரர் துப்பிவிட்டு எழுந்தார். "எனக்கு ரெண்டு நாளா? இத்தினி வருசமாவா?"

ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். "ஆறு நாளைக்கு ஒரு முறைன்னு வெச்சிக்கோ. பாதி மூணு. மூணுல ஒண்ணு ரெண்டு. எனக்கு ஒண்ணு. எதையும் ஒடைக்க வேணாம்."

மாமா விடவில்லை. "மூணாங் கிளாஸ் வாத்தியாரே, அடுத்த மாசம் எம் புள்ளைங்க ரெண்டு பேரும் பாகம் பிரிச்சிக்கிறானுங்க. மூணை எப்பிடி ரெண்டாக்குவ?"

இன்னும் ஆறு கல்லைப் பொறுக்கிச் சேர்த்தேன். "பன்னெண்டு நாளு முறை. உன் புள்ளைங்களுக்கு மூணு, மூணு. இவருக்கு நாலு. எனக்கு ரெண்டு."

எல்லாப் பங்கும் உடையாமல் அடங்குகிற எண்ணை முதலில் தேட வேண்டும். அது போதாவிட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் எத்தனையோ பாகப் பிரிவினைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், ஒன்றிலும் தவறியதில்லை.

மாமாவும் ஒத்துக்கொள்ள, திங்கட்கிழமை ஆறு நாள் முறை தொடங்கியது. வியாழனன்று மாமா பழைய பழக்கத்தில் மாட்டை ஓட்டிவந்தார். பக்கத்துக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை விடியலில் நான் மாடு பூட்டினேன். வயலின் கடைசி ஓரம் கொஞ்சம் பதராகிவிட்டது. மற்றதெல்லாம் பால் பிடித்தது.