டச்சுக்காரருக்கு ஒரு ஏழடிக் கட்டில்

1. முதல் சவாரி

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் டீக்கடை, லாரியில் கிளீனர் என்று எதிலும் கால் தரிக்காமல் சுற்றிவிட்டு, கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு டிராவல்ஸில் வேன் டிரைவராக ஒட்டிக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர்களை மதுரையில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டி, குற்றாலம் வழியாகக் கேரளாவில் கொண்டுபோய் விடவேண்டும். இப்போது அதே தடத்தில் ஓட்டுகிற பையன்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் எனக்கு வாய்த்தது ஒரு டச்சுத் தம்பதி. சாவியைக் கொடுக்கும்போதே சீனியர் டிரைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி பாடம் எடுத்தார்.

“ஏலே, டச்சுக்காரன்னா பனைமர உசரம் இருப்பான். ஒம்பது மணின்னா ஒம்பதுக்கு வண்டி நிக்கணும். மூஞ்சிக்கு நேராப் பேசுவான். வீட்டுக்குப் போனா காப்பிக்கு ஒத்த பிஸ்கட்டத் தந்துட்டு டப்பாவ மூடிருவானாம். டிப்ஸ மறந்துரு.”

கணவர் பெயர் ஹென்க், மனைவி மார்லேன். உயரம் அண்ணாச்சி சொன்னபடியே இருந்தது. ஹென்க் வேனுக்குள் மடங்கித்தான் உட்கார்ந்தார். போகிற வழியில், உங்கள் ஊரில் எல்லாரும் மரச்செருப்புத்தான் போடுவீர்களா என்று கேட்டேன். “நீ தினமும் யானையில் ஏறித்தான் வேலைக்கு வருகிறாயா?” என்று மார்லேன் திருப்பிக் கேட்டார். பிஸ்கட் விஷயத்தையும் நான் கேட்காமல் விடவில்லை. ஹென்க் சிரித்துவிட்டு, என் அத்தை வீட்டில் அது உண்மைதான் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் காகிதத்தில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். மார்லேன் வாயில் போட்டுவிட்டு, “ரொம்ப இனிப்பு, எனக்குப் பிடிக்கவில்லை” என்றார். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “பிடிக்கலன்னா போவச் சொல்லுப்பா, யாவார நேரத்துல” என்றார் என்னிடம். அதற்குள் மார்லேன் அரைக் கிலோ கட்டச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு இனிப்புப் பிடிக்குமாம்.

அன்றைக்கு இதை வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

2. அத்தான் கட்டிய அறைகள்

என் அக்கா புருஷன் வேலுச்சாமி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூமாப்பட்டியில் பிளவக்கல் மலையைப் பார்த்த மாதிரி அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. பட்டாளத்துப் பணத்தைப் போட்டு அதில் சில அறைகள் கட்டினார். பக்கத்துப் பிளவக்கல் அணையைப் பார்க்க வருகிற கூட்டம் பகலிலேயே திரும்பிவிடும். ராத்தங்க ஒருவரும் வரவில்லை.

“மாப்ள, ஒன் வண்டில வார ஆளுகள ஒருதரம் இங்க எறக்கு” என்றார் என்னிடம். “இப்பிடியே கெடந்தா தேங்கா யாவாரிக்குக் குடோனாக் குடுக்கதத் தவிர வழியில்ல.”

அடுத்த வருஷம் ஹென்க்கும் மார்லேனும் மறுபடி வந்தார்கள். என்னையே டிரைவராகக் கேட்டிருந்தார்கள். கூமாப்பட்டிக்குக் கூட்டிப் போனேன். வத்திராயிருப்பு டீக்கடையில் அவரவர் டீக்கு அவரவர் காசு கொடுத்தார்கள் என்று அக்காவிடம் சொல்ல, “ஐயோ பாவம், பிரியப் போறாகளோ” என்று அவள் உருகிவிட்டாள். அந்தப் பரிதாபத்தில் மறுநாள் காலை இட்லி, பணியாரம், வடை, பொங்கல் என்று அடுக்கிவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்று, எல்லாம் வசதியா இருந்ததா என்று இங்கிலீஷில் கேட்டார். மார்லேன் ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டில் குட்டை, ஹென்க்கின் கால் ராத்திரி முழுக்க வெளியே கிடந்தது. குளியலறைக் கதவு தரையில் இடிக்கிறது. வெந்நீர் வரவில்லை. சாப்பாடு அளவுக்கு மேலே இருந்தது, பாதி வீணாகிவிட்டது. மலை ரொம்ப அழகு. ஜனவரி மூன்றாவது வாரம் நண்பர்களோடு எட்டுப் பேராகச் சைக்கிளில் வர நினைக்கிறோம், முடியுமா? முடியாதென்றால் சொல்லிவிடுங்கள்.

“வாங்க மேடம். எப்ப வேணாலும் வாங்க. இது உங்க வீடு” என்றார் அத்தான். மார்லேன் அங்கேயே டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அவர்கள் வண்டியில் ஏறியதும் அத்தான் என்னைத் தென்னை மறைவுக்கு இழுத்தார். “வீட்டுச் சோத்தத் தின்னுட்டு மூஞ்சிக்கு நேராக் குறைய அடுக்குதா. பட்டாளத்துல கர்னல்கூட என்ன இப்பிடி நிக்கவச்சுக் கேட்டதில்ல.”

“அது அவிய ஊருப் பழக்கம், அத்தான்.”

“இம்புட்டுக் குறை சொன்னவ திரும்பி வருவாளாலே? போற போக்குல ஒரு பேச்சுக்குச் சொல்லுதா. நானும் ஒரு பேச்சுக்கு வான்னேன்.”

பிடிக்கவில்லை என்றவர் அரைக் கிலோ வாங்கிய பால்கோவாக் கடை எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். வண்டியிலிருந்து மார்லேன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பொறவு பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

3. பூட்டிய கேட்

ஜனவரிக்குக் கொஞ்சம் முன்னால் அத்தானுக்குப் போன் போட்டு, எட்டுப் பேர் வருவது உறுதி என்றேன். “பாத்துக்கலாம்லே” என்றார். நானும் சரி என்று வைத்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்தவன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எட்டுப் பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக் கோயிலைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் கிளம்பினார்கள். நான் பெட்டிகளோடு பின்னால் போனேன். தோப்புக் கேட் பூட்டிக் கிடந்தது. போன் போட்டேன்.

“ஒரு துட்டி வீடு மாப்ள. சாத்தூருக்கு வந்துட்டோம். வர நேரமாகும்” என்றார் அத்தான்.

ஊர்க் கோயில் மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் ஒரு காதில் கேட்ட அதே பாட்டு, மறு காதில் போன் வழியாகவும் கேட்டது. அவர் கூப்பிடு தூரத்தில்தான் எங்கேயோ இருந்தார். போனை வைத்தேன்.

சாவு வீடு என்று மார்லேனிடம் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. “வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்கு நாங்கள் கோபப்பட மாட்டோம்” என்றார். பிறகு, “இங்கே தரையில் பாய் விரித்தாலே எங்களுக்குப் போதும். நாங்கள் டென்ட் போட்டுப் படுக்கிறவர்கள்” என்றார்.

கத்தவில்லை, சண்டை போடவில்லை. சைக்கிள்களைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை.

4. கட்டில்

கோடையில் அக்காவைப் பார்க்கப் போனேன். அறைகளுக்குள் கூரை வரைக்கும் தேங்காய் கிடந்தது. வெளியே தகரச் சாய்ப்பில் பாலிஷ் போடாத இரண்டு கட்டில்கள். அப்படி நீளமான கட்டிலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒன்றில் தேங்காய் வியாபாரியின் காவல்காரர் படுத்திருந்தார். கால்மாட்டில் ஒரு சாக்கு மூட்டை வைக்க இடமிருந்தது.

“இது என்ன அத்தான்?”

“அந்த உசரக்காரனுக்கு. ராஜபாளையத்து ஆசாரிட்டச் சொல்லிச் செஞ்சது. அவன் தோப்புக் கேட்டுப் பக்கத்துல நின்னப்பவே கண்ணால அளந்துக்கிட்டேன்.”

“ஒரு பேச்சுக்குத்தான் வான்னேன்னீகளே.”

“நீ போன் போட்ட பொறவுதான் நெசமாவே வாராகன்னு தெரிஞ்சது. ஆசாரியப் போட்டு விரட்டினேன். ரெண்டுதான் முடிஞ்சது. வெந்நி போட கீசரும் மாட்டல. எட்டுப் பேரு முன்னால அவ மறுபடி ஒவ்வொண்ணாச் சொன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?”

“வேலை முடியல, அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லிருக்கலாம்லா.”

“வான்னு சொன்ன வாயால வராதன்னு எப்பிடிலே சொல்ல?”

தரையில் பாய் போதும் என்று மார்லேன் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

“அந்தக் குறையெல்லாம் சொல்லும்போதே இதயும் சேத்துச் சொல்லிருக்கலாம்” என்றார் அத்தான்.

பையன்களே, டச்சுக்காரர்களின் உயரமும் நேரமும் உண்மை. பிஸ்கட் வீட்டுக்கு வீடு மாறும். டிப்ஸ் எனக்குக் குறைந்ததில்லை. ஆனால் குறை சொல்கிறவர் திரும்பி வரப்போகிறவர் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆள் எப்ப வேணாலும் வாங்க என்றால் அதில் தேதி கிடையாது என்பதை வந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் புரிந்த ஆள் அந்த இடத்தில் டிரைவர் ஒருவன்தான்.

இப்போதும் அந்த வழியாகப் போனால் அத்தான் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்.

“அந்த உசரக்காரன் வந்தானாலே?”

“இல்ல அத்தான்.”

“வந்தாச் சொல்லு. கட்டில் கெடக்கு.”