தட்டிக்கு இந்தப் பக்கம்

கரீம் சார் போய்விட்டார். இன்று விடியற்காலை, செஞ்சியில், மகள் வீட்டில்... அவரிடம் படித்த செல்விதான் போனில் சொன்னாள்.

எண்பதுகளில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். அவர் சமூக அறிவியல், நான் தமிழ். பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி.

சுற்றுச்சூழல் பாடம் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கம். பரீட்சைக்கு வராது என்பதால் யாரும் நடத்த மாட்டோம். அவர் ஒரு மாதம் நடத்தினார்.

இமயமலைப் பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றது, கேரளத்தில் ஒரு காட்டுக்காக அணையையே கைவிட்டது, டெல்லி போட்ட வனச் சட்டம்... என் இலக்கண வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்.

ஒருநாள் சிங்கவரத்துச் செல்வி எழுந்தாள். "சார், அவுங்க மரத்தக் கட்டிப்புடிச்சா பாடத்துல போடுறாங்க. எங்கம்மா காட்டுல சுள்ளி பொறுக்குனா பாரஸ்ட் கார்டு புடிச்சிக்கினு போறாரு. நாங்க இன்னா கட்சி சார்?"

"தெரியலம்மா" என்றார். வாத்தியார் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டறியாத சொல்.

மறுநாள் செல்வியின் அம்மாவை வகுப்புக்கு அழைத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"காஞ்ச குச்சிதான் கண்ணுங்களா பொறுக்குறேன். பச்ச மரம் லாரில போவுது. என் தலச்சுமைதான் அவுங்க கண்ணுல படுது."

அந்த அம்மா பேசியது அவ்வளவுதான். தலைமையாசிரியருக்கு வந்த புகார் மூன்று பக்கம். அரசுக்கு எதிராக மாணவர்களைத் தூண்டினார், கோஷம் போட வைத்தார்...

"கோஷமே இல்ல சார். பக்கத்து கிளாஸ் சாரைக் கேளுங்க" என்றார் கரீம் சார்.

கேட்டார்கள். எழுத்துமூலமாக.

'பாடம் நடத்துவதில் கவனமாக இருந்ததால் எதுவும் காதில் விழவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிழையில்லாத வாக்கியம். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை.

அவருக்கு டிரான்ஸ்பர் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர்.

கிளம்பும்போது, "ஒரே வரியில முடிச்சிட்டீங்களே சார். நல்ல தமிழ்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதன்பிறகும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அவர்தான் முதலில் டீ சொல்வார். முப்பது வருஷத்துக்கு மேல் டீ குடித்தோம். அந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை...

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். செல்வி வருகிறாள். நானும் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

போய் வாருங்கள் கரீம் சார். அன்றைக்கு எனக்கு எல்லாமே கேட்டது.