ஐஸ்காரம்மாவின் தூக்கம்

ரவிக்கைக் கைகளைத் தோள்வரை சுருட்டிவிட்டு, இரண்டு கைகளையும் நாரை சிறகு விரித்த மாதிரி அகட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள் ஜெகதாம்பாள். பின்னால் கோணி போர்த்திய ஐஸ் பார்கள் புகைவிட்டுக்கொண்டிருக்கின்றன. எதிரே பூபாலன் காலிப் பெட்டியோடு நிற்கிறான். முழுக்க விடியவில்லை. கடல் இருக்கிற பக்கத்தில் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான்.

"யக்கா, போட்டு ரெடியா கீது. ரெண்டு பார் அரைச்சிக் குடுத்துட்டு அப்பால நில்லேன்."

"காயட்டும்டா. கடல் இன்னா ஓடியா பூடப் போவுது?"

"மீனு பூடும்."

"பூட்டும். நேத்து நீ புடிச்சாந்த காரப்பொடி மீனுக்கு அரை பாரே ஜாஸ்தி."

அவள் கையில் தடவியிருப்பது மருந்து. புட்டியின் தலையை அழுத்தினால் கண்ணாடி மாதிரி களிம்பு வரும். தினமும் காலையில் புஜத்தில் தடவிக் காயவிட வேண்டும். காய்கிறவரை யார்மேலும் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார். ஐஸ்மேலும் படக்கூடாது என்பது ஜெகதாம்பாள் தானாகச் சேர்த்துக்கொண்டது. "அப்பறம் மீனெல்லாம் கொமரியாப் பூடும்" என்பாள். யார் எதைச் சொன்னாலும் தன் பங்குக்கு ஒரு பிடி சேர்க்காவிட்டால் அவளுக்கு ஆகாது. குழம்பிலும் அப்படித்தான், விரதத்திலும் அப்படித்தான்.

வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது நெரும்பூர்ப் பக்கம், நெல் விளைகிற பூமி. பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. கல்யாணமாகிச் சதுரங்கப்பட்டினம் வந்தபோது புருஷன் திருவேங்கடத்திடம் இருந்த சொத்து கேரியர் வைத்த ஒரு சைக்கிள். அதில் ஒரு பாரை மரத்தூளும் கோணியும் சுற்றிக் கட்டி அவர் மிதிக்க, இவள் பின்னால் தள்ளிக்கொண்டே வருவாள். கரை வந்து சேர்வதற்குள் கால்வாசி மணலுக்குப் போய்விடும். மிச்சத்தை விற்றுச் சேர்த்ததுதான் இந்த டிப்போ, அரைக்கிற இயந்திரம், இரண்டு சின்ன லாரி, மாமல்லபுரத்து ஓட்டல்கள்வரை வாடிக்கை. தன் முதுகு ஒடியச் சம்பாதித்தவள் பெருமை பேசினால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். "எனுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பெரிய படிப்பு படிச்சவன்லாம் எங்கிட்ட வந்துதான் ஐஸ் கேட்டுகினு நிக்கிறான்" என்பாள். ஒருவரும் மறுத்ததில்லை. மறுத்தால் ஐஸ் வராது.

அவளுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. மாதவிலக்கு நின்றுபோனதைக்கூட இயந்திரம் கரகரக்கும் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் சொன்னாள். "எனுக்கு நின்னுடிச்சி. இனிமே எந்தக் கோயிலும் என்னை இன்னிக்கு இன்னா நாளுன்னு கேக்காது." மீன் கூடைக்கு ஐஸ் வாங்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நின்றது சும்மா நிற்கவில்லை. நெஞ்சில் அடுப்பு மூட்டிய மாதிரி குப்பென்று ஒரு சூடு கிளம்பி உச்சந்தலைவரை ஏறும். சேலை நனைந்து உடம்போடு ஒட்டும். ஐஸ் அறைக்குள் ஸ்டூலைப் போட்டு, பார்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வாள். ஐஸ் விற்கிறவளே வேர்த்து வழிவதைப் பார்த்துக் கடைத்தெரு வேடிக்கை பேசியது. "யக்கா, உன் தலமேல சட்டி வெச்சா ரசம் கொதிக்கும்" என்றான் பூபாலன். ஐஸ் குத்துகிற ஊசி பறந்து வந்தது. நல்லவேளை, பெட்டியில் குத்தி நின்றது.

சூட்டைவிடப் பொல்லாதது, தூக்கம் போனது. பார் எத்தனை இறங்கியது, எத்தனை ஏறியது என்று விரல்நுனியில் வைத்திருந்தவள், ஒரே ஆளுக்கு இரண்டு முறை ஐஸ் கொடுத்தாள், வாங்கியவனிடமே சண்டைக்கும் போனாள். இரண்டு வருஷம் இப்படி. ஒருநாள் திருவேங்கடத்தின் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்து, அப்படியே நின்று அழுதாள். "செத்தாக்கூட பரவால்ல. நா நானா இல்லியே, அதான் பேஜாரு." அதிகம் பேசாத மனுஷர் அவர். மறுநாளே ஒரு லாரியை நிறுத்திவிட்டு அவளைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் ஷபானா ரத்தம் எடுத்தார், மார்பைப் படம் பிடித்தார், வயிற்றை ஸ்கேன் பார்த்தார், குடும்பத்தில் யாருக்காவது புற்று உண்டா, காலில் ரத்தக்கட்டு உண்டா என்று துருவிக் கேட்டார். எல்லாம் பார்த்த பிறகு சொன்னார்: "உடம்புல சுரக்கிறது நின்னுபோச்சு. அதைக் கொஞ்சம் வெளியில இருந்து குடுக்கப் போறோம். எல்லாருக்கும் குடுக்கிற மருந்து இல்லம்மா, உங்களுக்குக் குடுக்கலாம். காலையில களிம்பு, ராத்திரி மாத்திரை, ரெண்டும் சேர்ந்துதான். முதல்ல லேசா ரத்தம் படலாம், போகப் போக நின்னுடும். ஆனா நீங்களா நிறுத்தக்கூடாது. எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

முதல் மாதம் டாக்டர் சொன்ன மாதிரியே லேசாகப் பட்டது. ஜெகதாம்பாள் பயந்துபோனாள். பிறகு அதுவும் நின்றது. சூடு தணிந்தது. கடலில் அலை ஓய்ந்து தண்ணீர் தகடாகக் கிடக்கும் நாட்கள் உண்டே, அந்த மாதிரி ஒருநாள் அவளுக்குத் தூக்கம் வந்தது.

தூக்கத்தோடு கனவும் வந்தது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட கனவுகள்! சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம்வரை கடல் உறைந்து கிடக்கிறது. ஜெகதாம்பாள் வெறுங்காலோடு அதன்மேல் நடந்து போகிறாள். காலுக்குக் கீழே மீன்கள் விளக்கேற்றிய மாதிரி மின்னிக்கொண்டு அவளோடு கூடவே வருகின்றன. வலையைத் தோளில் போட்டபடி ஆண்பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையாக நிற்கிறார்கள். இன்னொரு நாள் ஐஸ் பார்களெல்லாம் வெள்ளைப் பசுக்களாகி, ஊரின் பழைய கோட்டைச் சுவர் ஓரமாக அசைபோட்டுக்கொண்டே போகின்றன. அவள் கூப்பிட்டதும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கின்றன. மற்றொரு நாள் அவள் நெரும்பூர் வயலில் நாற்று நடுகிறாள், நட்ட இடமெல்லாம் உப்புத் தண்ணீர் ஊறி நண்டு ஓடுகிறது, அவளுக்கோ பயமே இல்லை, பாட்டு வருகிறது.

ஐஸ் வாங்க வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"இன்னிக்கு இன்னா படம்க்கா?"

"கடல் முச்சூடும் ஐஸு. இன்னா கணக்கு போட்டாலும் அம்மாதான் ஓனரு."

"எனுக்கு எவ்ளோ குடுத்த?"

"உனுக்குக் கடன் இல்லன்னு போர்டு மாட்டிட்டேன்."

திருவேங்கடத்துக்குத்தான் கஷ்டம். "அவ கொறட்ட உட்டுகினு கனவு காண்றா. நா முயிச்சிகினு கீறேன்" என்று லாரி டிரைவரிடம் சொல்லிச் சிரிப்பார். அதில் குறை இல்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கடைத்தெரு கங்கையம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது, முதல் அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டுகிறவள் மாதவிலக்கு நின்ற பெண்ணாக இருக்க வேண்டும். பல வருஷமாகத் தனபாக்கியம் கிண்டுகிறாள். கரையில் மீன் விற்று நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள், எழுபது வயது, வலது தோள் இப்போது மேலே ஏறாது. "அடுத்த ஆடிக்குத் துடுப்ப ஐஸ்காரிகிட்ட குடுத்துடப் போறேன்" என்று போன வருஷம் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். ஜெகதாம்பாள் வருஷா வருஷம் கேழ்வரகு மூட்டை கொடுப்பவள்தான். ஆனாலும் இத்தனை காலத்துக்குப் பிறகும் கரைக்காரர்களுக்கு அவள் கடலோரத்தில் பிறக்காத 'மேட்டாங்காட்டுப் பொம்பள'. துடுப்பைப் பிடித்துவிட்டால் அப்புறம் யார் அப்படிச் சொல்வது? அந்த ஒரு வருஷமும் அவள் மனதுக்குள் கூழ் கொதித்துக்கொண்டே இருந்தது.

ஆடி வந்தது. காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறினால் செருப்பு கிடையாது, பாய்தான் படுக்கை, வெளியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. இவ்வளவும் ஊர் வழக்கம். இதற்குமேல் ஒரு பிடி ஜெகதாம்பாள் சேர்த்தாள்: மருந்தும் கிடையாது. களிம்பையும் மாத்திரை அட்டையையும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள். கேட்டிருந்தால் விரதம் என்றிருப்பாள். உள்ளே இருந்தது பயம். ஆரம்பத்தில் லேசாகப் பட்டதே, அது மறுபடி கிண்டுகிற நாள் பார்த்து வந்துவிட்டால்? மருந்தால் வந்தது, மருந்தை விட்டால் வராது. இதற்கு என்ன பெரிய கணக்கு வேண்டும் என்று நினைத்தாள். டாக்டருக்குப் போன் போடவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாய் திறக்காமல் செய்த முதல் காரியம் அது.

கனவு வருவது நின்றது. கழுத்தில் பழைய சூடு எட்டிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளிக்கப் போனவள், சேலையில் சிவப்பைப் பார்த்தாள்.

ஈரத் துணியோடு ஐஸ் அறைக்குள் போய் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டாள். ஞாயிறென்றும் பாராமல் எடுத்தார்.

"நிறுத்தினீங்களா?"

"விரதம் டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நிறுத்தினதாலதான் வந்திருக்கும். அந்த மாத்திரைதான் அதைப் புடிச்சு வெச்சிருந்தது. திடீர்னு விட்டா வரத்தான் செய்யும். இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க. நாலஞ்சு நாள்ல நிக்கலைன்னா வாங்க, பார்த்துடலாம். சொல்லியிருக்கலாமேம்மா, ஒரு போன்தானே."

அறை முழுக்க வெண்புகை. ஒரு பார் மெல்ல விரிசல் விட்டது, ஆற்றங்கரையில் நாணல் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். யாருக்கும் தெரியாது. துணி வைத்துக்கொண்டு புதுச் சேலை கட்டினால் போதும், துடுப்பு காத்திருக்கிறது. பம்பைச் சத்தம் தூரத்தில் கேட்டது. மாற்றுச் சேலை கட்டினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கோயிலுக்கு நடந்தாள்.

வேப்பிலைத் தோரணம் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் அண்டா கொதித்தது. தனபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி அங்க நின்னுகினு? மாவு கட்டி தட்டுது, வா."

"வர முடியாதுக்கா."

"ஏன், ஐஸ் லாரி வர்லியா?"

"எனுக்கு வந்துடிச்சி."

சுற்றியிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி, "மேட்டாங்காட்டுப் பொம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தது நன்றாகவே கேட்டது.

"நின்னுடிச்சின்னு மைக் வெச்சி சொன்னவ நீதான?" என்றாள் தனபாக்கியம்.

"நின்னுதான் போச்சி. காப்புக் கட்டனதும் மருந்த நிறுத்திட்டேன். விட்டா வருமாம். எனுக்குத் தெரியலக்கா."

எனக்குத் தெரியவில்லை என்று அவள் வாயிலிருந்து அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

"உன்ன யாரு நிறுத்தச் சொன்னது? ஆத்தா வந்து கேட்டாளா, உன் மாத்திரய எங்கிட்ட குடுடின்னு? நா பிரசர் மாத்திர முழுங்கிகினுதான் இத்தினி வருசமும் கிண்டறேன். அதுக்கு அவ கோவிச்சிகினாளா?" தனபாக்கியம் பேசிக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகினாள். சிரித்தவளைத் திரும்பி முறைத்தாள். "இன்னா சிரிப்பு? மறைச்சிகினு வந்து கிண்டியிருந்தா உனுக்குத் தெரிஞ்சிருக்குமா? வந்து சொன்னா பாரு, அவளப் பாத்து சிரிக்கிற."

துடுப்பை அவளே எடுத்தாள். ஏறாத தோளோடு கிண்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உதட்டைக் கடித்தாள். கூழின் ஆவி வேப்பிலையைத் தாண்டி வந்து ஜெகதாம்பாளின் முகத்தில் படிந்தது. சூடு கழுத்தில் இருந்து வருகிறதா, அண்டாவிலிருந்து வருகிறதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆவிக்குள் எல்லாம் மங்கலாக, கடலுக்கு அடியில் நடக்கிற மாதிரி நடந்தது. பம்பை, கற்பூரம், மஞ்சள் சேலைகள். பல நாளாக வராத கனவு விழித்திருக்கும்போதே வந்து நிற்பது போல இருந்தது.

படையல் முடிந்தது. எல்லோரும் சொம்பும் தூக்குமாக முண்டியடித்தார்கள். தனபாக்கியம் முதல் சொம்பை மொண்டுகொண்டு நேராகக் கயிற்றருகே வந்தாள்.

"கைய நீட்டு."

தொடாமல், எட்ட நின்று, மேலிருந்து ஊற்றினாள். நீட்டிய உள்ளங்கை நிரம்பியது.

"அடுத்த ஆடிக்கும் நீதான். எவ இன்னா சொன்னாலும் நா சொல்றேன். எங்கடி அந்த மாத்திர?"

ஜெகதாம்பாள் மறு கையால் இடுப்பிலிருந்து அட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். முத்துப் போல ஒரு மாத்திரை கூழில் விழுந்தது. கண்ணை மூடி, உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய், ஒரு சொட்டு சிந்தாமல் உறிஞ்சிக் குடித்தாள்.