தெர்மகோல் சாய்தளம்

கணக்கு வகுப்புக்கு நான் எடுத்துப்போனவை: அளவு டேப், மட்டம் பார்க்க ரசமட்டம், சாக்பீஸ். கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு அடையாறில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் அசோக் நகரில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடச் சொல்லி, ஆய்வக வாசலில் இருந்த சாய்தளத்தை அளக்க அழைத்துப்போனேன்.

அது யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். சக்கர நாற்காலியில் வருபவள். அந்தச் செங்குத்தில் ஒருநாளும் தானாக ஏற முடிந்ததில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள். அவளுக்கு அது அறவே பிடிக்காது.

"டேய், டேப்ப இழுத்துப் புடிடா. துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது," என்று அதட்டியவளும் அவள்தான்.

"நீ இன்னா மேஸ்திரியா?"

"ஆமா. உனக்கு இன்னைக்குக் கூலி கட்."

ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி பதினெட்டு அடி வேண்டிய இடத்தில் ஐந்தடி கட்டியிருந்தார்கள். சுவரோரமாகத் திரும்பும் புதிய சாய்தளம் ஒன்றை அவளே வரைந்தாள். திரும்புமிடத்தில் சமதளம்கூட விட்டிருந்தாள். அதற்காக நகர வேண்டியவை அங்கிருந்த குரோட்டன்ஸ் செடித் தொட்டிகள் மட்டும்.

தாளாளர் வரைபடத்தைப் பார்த்துப் பூரித்தார். "பிரமாதம் மேடம். ஸ்கூல் கண்காட்சிக்கு இதையே மாடலா வச்சிடலாம். லைட்டு கிட்டு போட்டு."

"எப்ப சார் கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல மாடல் வரட்டுமே."

மாடல் வந்தது, தி.நகரில் ஆர்டர் எடுத்துச் செய்துதரும் கடையிலிருந்து. தெர்மகோல், ஓடும் விளக்கு, பொன்னிறத் தலைமுடியோடு ஒரு பொம்மை. பக்கவாட்டில் 1:12 என்று ஜிகினாவில் ஒட்டியிருந்தார்கள். சரிவோ நிஜத்தில் இருந்ததைவிடச் செங்குத்து. கண்காட்சி நாளில் ஆய்வகம் முழுக்கப் பசை நாற்றம். விருந்தினருக்கு வைத்த சமோசாவின் மேலும் வெள்ளித் தூள். நான் வெளியே வந்தேன்.

அவள் வாசலில் கீழே இருந்தாள். தாளாளர் உள்ளிருந்து கைதட்டினார். "சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. பாப்பாவத் தூக்குங்கப்பா, சீக்கிரம்!"

அவள் சக்கரங்களின் பிரேக்கைப் போட்டாள். "தூக்காதீங்க சார். அந்த மாடல கீழ எடுத்துட்டு வாங்க. அது வெயிட்டே இல்ல."

யாரும் எடுத்துவரவில்லை. அவளுடைய கணக்கை வேறொரு மாணவி மனப்பாடமாக ஒப்பித்தாள். கைத்தட்டல் வெளியே எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

"மிஸ், அதுல சரிவ சரியா வச்சிருக்காங்களா?"

"இல்ல. இதவிட மோசம்."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாடல் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் மின்னிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் இருந்த தொட்டிகளுக்குப் புதுக் காவி பூசியிருந்தார்கள். ஆய்வக வகுப்புக்கு மணி அடித்தது. வழக்கமான இரண்டு பேர் அவள் நாற்காலியை நோக்கி வந்தார்கள்.